எரவாணமும் மின்விசிறியும்: மாடித்தோட்டத்து மூலிகையைக் காயவைத்த அனுபவம்

செடி வளர்ப்பது பற்றி நம் மாடித்தோட்டக் குழுவில் நிறைய பேர் எழுதிவிட்டீர்கள். மண் கலவை, மாவுப்பூச்சி, வேப்பம்புண்ணாக்கு எல்லாவற்றையும் ஆசையாகப் படித்தேன். ஆனால் வளர்ந்த பிறகு வெட்டி, ஆய்ந்து, காயவைத்து, பாட்டிலில் போடுவது வரை யாரும் சொல்லவில்லை. இந்த ஆறு வருடத்தில் என் செடிகள் பட்டுப்போனது குறைவு. நன்றாக வளர்ந்த செடியின் இலை பாட்டிலுக்குள் கெட்டுப்போனதுதான் அதிகம். அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் சென்னை ஆதம்பாக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். மொட்டைமாடியில் இருபத்தெட்டு பைகள். துளசி, கஞ்சாங்கோரை, திருநீற்றுப்பச்சிலை, கற்பூரவல்லி, தூதுவளை, ஒரு பெரிய டிரம்மில் முருங்கை. சங்குப்பூ கைப்பிடிச் சுவர்க் கம்பியில் ஏறிப் படர்ந்திருக்கிறது. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. மழைக்காலம் வந்தால் மார்ச்சளி கட்டிக்கொள்ளும். டாக்டர் கொடுத்த மருந்தோடு, காலையில் ஒரு டம்ளர் துளசிக் கஷாயம் இல்லாமல் அவருக்கு நாள் தொடங்காது. மழையில் செடி அழுகிவிடும் என்பதால் முன்கூட்டியே காயவைத்து எடுத்து வைப்பது என் வேலை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அப்போது நடந்ததுதான் என்னை மாற்றியது. புயலுக்கு இரண்டு நாள் முன்பு, காற்றில் போகட்டும் என்று விட மனமில்லாமல், துளசி முழுவதையும் வெட்டி வீட்டுக்குள் கொண்டுவந்தேன். ஹாலில் பழைய புடவையை விரித்து, இலையைப் பரப்பி, ஃபேனைப் போட்டேன். அன்று இரவே கரண்ட் போனது. எங்கள் தெருவுக்குத் திரும்ப வர மூன்று நாள் ஆயிற்று. ஜன்னலைத் திறக்க முடியாத மழை. நான்காம் நாள் பார்த்தபோது மேலே இருந்த இலை நன்றாகத்தான் இருந்தது. தொட்டால் சரசரவென்று சத்தம்கூட வந்தது. நம்பிவிட்டேன். பாட்டிலில் அடைத்து, மூடி போட்டு, அலமாரியில் வைத்தேன்.

பத்து நாள் கழித்து அப்பாவுக்குக் கஷாயம் போட எடுத்தால், துளசி வாசனையே இல்லை. ஈரச் சாக்கு வாசனை. வெளிச்சத்தில் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு காம்போடு காம்பு ஒட்டிக்கொண்டு, நூலாம்படை போல வெள்ளையாக இழை ஓடியிருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நெஞ்சுச் சளிக்காரருக்கு அந்தப் பூசணத்தையா கொடுக்க இருந்தேன் என்று கை நடுங்கிவிட்டது. வெயிலில் போட்டு எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். வெயிலில் போட்டால் கண்ணுக்குத் தெரிவதுதான் மறையும். பூசணம் இலைக்குள் விட்டுச் சென்றது போகாது. அப்படியே கொட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஆயா செய்ததை உட்கார்ந்து யோசித்தேன். திண்டிவனம் பக்கம் கிராமம். கூரை வீடு. துளசியோ நொச்சியோ, கிளையோடு ஒடித்து வந்து, ஒரு கைப்பிடி அளவுக்குக் கட்டி, எரவாணத்தில், அதாவது கூரை வெளியே நீண்டிருக்கும் இடத்தின் அடியில், தலைகீழாகச் சொருகிவிடுவார். மழை படாது, வெயில் படாது, காற்று மட்டும் இரண்டு பக்கமும் போய்வரும். நெல், மிளகாய்க்கு வெயில், தழைக்கு எரவாணம். சித்த மருத்துவத்திலும் ‘நிழலில் உலர்த்தி, இடித்து, வஸ்திரகாயம் செய்து’ (துணியில் சலித்து) என்றுதான் வரும். நிழல் என்றால் வெயில் இல்லாத இடம் என்று மட்டும் நான் நினைத்திருந்தேன். காற்று இல்லாத நிழல் வெறும் ஈரம்தான் என்பது எனக்குப் பாட்டில் நாறிய பிறகுதான் புரிந்தது.

ஏன் வெயில் ஆகாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. துளசி வாசனையில் பெரும்பங்கு யூஜெனால் என்ற எண்ணெய். கிராம்பில் இருப்பதும் அதுதான். இலையின் மேல் சின்னச் சின்னச் சுரப்பிகளில் தங்கியிருக்கும் அது, சூடு பட்டால் பறந்துவிடும். வெயிலில் துளசி காயும்போது மாடி முழுக்க மணக்கும். எல்லோரும் ஆகா என்போம். பாட்டிலுக்குள் இருக்க வேண்டிய மணம்தான் அப்படி ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது நான் செய்வது இதுதான். வெட்டப்போகும் நாளுக்கு முதல் நாள் மாலை செடியின் மேலேயே தண்ணீரைத் தூவி, தூசியும் பூச்சியும் போகக் கழுவிவிடுவேன். வெட்டிய பிறகு கழுவினால் அந்தத் தண்ணீரைக் காயவைக்கவே ஒரு நாள் போய்விடும். மறுநாள் காலை பனி உலர்ந்ததும், எட்டு மணி, எட்டரைக்குள், கத்திரிக்கோலால் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுவேன். கதிர் விடத் தொடங்கும் நேரம்தான் எனக்குச் சரிப்பட்டது. அப்போது இலையில் வாசனை நிறைந்திருக்கும். கதிர் முற்றி விதை கட்டிவிட்டால் செடியின் கவனம் அங்கே போய்விடுகிறது. செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. சூரியன் சாய்ந்த பிறகு துளசியில் கை வைக்கக் கூடாது என்று ஆயா சொல்வார். அதையும் மீறியதில்லை.

ஆய்வதில் அவசரப்படாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளையாக எடுப்பேன். மஞ்சள் இலை, ஓட்டை இலை, அடிக்காம்பில் மண் தெறித்த இலை எல்லாம் போகும். இலையைத் திருப்பிப் பார்த்தால் சில நேரம் நரம்போரம் வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டியிருக்கும். அந்தக் கிளையையே தள்ளிவிடுவேன். அரைமணி நேரத்தில் விரல் நுனி கறுத்து, கத்திரிக்கோல் பிசுபிசுக்கும். சோப்பு போட்டாலும் போகாத அந்த மணத்தோடு இரவு சாப்பிட உட்காருவது எனக்கு ஒரு சந்தோஷம்.

பிறகு ஏழெட்டுக் கிளையை ஒரு கட்டாகக் கட்டித் தொங்கவிடுவேன். பெரிய கட்டாகக் கட்டினால் நடுவில் காற்றுப் போகாது; அங்கேதான் பூசணம் பிறக்கும். முதலில் வாழைநாரில் கட்டினேன். காயக் காயக் காம்பு சுருங்கி, நார் தளர்ந்து, ராத்திரி பொத்தென்று விழும். இப்போது ரப்பர் பேண்ட். காம்போடு சேர்ந்து அதுவும் இறுகிக்கொள்கிறது.

நம் ஊரில் கவனிக்க வேண்டியது கடற்காற்று. ஆடியில் காலையில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று இருக்கிறதே, அது வரம். அப்போது ஜன்னலைத் திறந்து வைப்பேன். மதியத்துக்கு மேல் கடற்காற்று நுழைந்ததும் தோலே பிசுபிசுக்கும். இலையும் அந்த ஈரத்தைக் குடிக்கும். உடனே ஜன்னலைச் சாத்தி, ஃபேனைக் கட்டுகளின் மேல் நேராகப் படாமல் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுவேன். சித்திரையில் நாலு நாள், தை மாசியில் ஆறேழு நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம்.

காய்ந்ததா என்று இலையைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். இலை அப்பளம் மாதிரி நொறுங்கும், காம்பு மட்டும் வளையும். காம்பு ‘டக்’கென்று ஒடிந்தால்தான் காய்ந்தது. அதற்குப் பிறகும் நான் நம்புவதில்லை. கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு போட்டு மூடி, ஒரு ராத்திரி வைப்பேன். காலையில் மூடியின் உட்புறத்தில் லேசாக ஆவி படிந்திருந்தால் எல்லாவற்றையும் முறத்தில் கொட்டி மறுபடி ஒரு நாள் காற்று. முதல் வாரம் தினமும் பத்து நிமிடம் மூடியைத் திறந்து வைத்து, மூக்கை வைத்துப் பார்ப்பேன். துளசி வாசனை வர வேண்டும். புல் வாசனை வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

முருங்கைக்கு இவ்வளவு பாடு இல்லை. கொத்துக் கொத்தாக ஒடித்து இரவு துணியில் இறுகச் சுற்றி வைத்தால் காலையில் உதறினாலே இலை கொட்டிவிடும். வேட்டியில் பரப்பி ஒன்றரை நாள். சங்குப்பூவுக்குப் பச்சைக் காம்பை மட்டும் கிள்ளிவிடுங்கள், அதுதான் காயாமல் கெடுக்கும்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். இந்த வருடம் மாசியில் மொட்டைமாடிப் படிக்கட்டு முடியும் ஹெட்ரூமில் கஞ்சாங்கோரையைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த எங்கள் சங்கச் செயலாளர், “என்னம்மா இது?” என்றார். “கஞ்சாங்கோரை சார்” என்றேன். அவர் முகம் மாறியதை அப்போது நான் கவனிக்கவில்லை. மாலையில் மூன்று பேர் வாசலில் நின்றார்கள். ஒரு அம்மா, “குழந்தைங்க இருக்கிற இடத்துல இதையெல்லாம் வளர்க்கலாமா?” என்று சத்தமாகவே கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கஞ்சாச் செடியை வீட்டுத் தொட்டியில் ஒன்றே ஒன்று வைத்தாலும் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி குற்றம். அதை நான் செய்வேன் என்று பத்து வருடம் பழகியவர்கள் நினைத்தது வலித்தது.

மேலே கூட்டிப்போய்க் காட்டினேன். கஞ்சா இலை விரித்த கை மாதிரி ஐந்து, ஏழு பிரிவாக, ஓரம் ரம்பப் பல்லோடு இருக்கும். இது ஒற்றை இலை, சின்னது, துளசிக்குத் தங்கை. நாய்த்துளசி என்றும் சொல்வார்கள். தண்டை விரலில் உருட்டச் சொன்னேன். துளசிக் குடும்பத்துத் தண்டு நாலு பட்டையாக இருக்கும், உருளாது. செயலாளர் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, “இது கொசுவுக்கு எங்க பாட்டி வீட்டுல போடறதாச்சே” என்று சொல்லி மன்னிப்பும் கேட்டார். அந்த அம்மா மட்டும் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு கட்டிலும் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுகிறேன்: நாய்த்துளசி, வெட்டிய தேதி.

*

ராயபுரத்திலிருந்து: அக்கா, நாங்கள் கடலுக்கு இன்னும் பக்கம். ஃபேன் காற்றே ஈரமாக இருக்கும். நான் ஒரு பெரிய அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக ஓட்டை போட்டு, அடியில் இலை படாத தூரத்தில் ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு எரியவிட்டு, மேலே கொசுவலைத் தட்டில் இலையைப் பரப்புகிறேன். பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்தான் போடுவேன். மழை நாளில் திருநீற்றுப்பச்சிலை ஒன்றரை நாளில் காய்கிறது. அதன் விதையையும் விடாதீர்கள். கதிர் பழுப்பானதும் காகிதப் பையில் தலைகீழாகப் போட்டு உதறினால், கடையில் காசு கொடுத்து வாங்கும் சப்ஜா விதை அதுதான்.

*

கொளத்தூரிலிருந்து: என் அனுபவம் எண்ணெயில். செம்பருத்தி இலையும் கறிவேப்பிலையும் அரைகுறையாகக் காய்ந்ததைக் கொதிக்கும் தேங்காயெண்ணெயில் போட்டேன். படபடவென்று வெடித்து முழங்கை வரை தெறித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. மிஞ்சிய எண்ணெய் ஒரு மாதத்தில் காறல் அடித்தது. தலைக்குத்தானே, கொஞ்சம் ஈரம் இருந்தால் என்ன என்று நினைக்காதீர்கள். ஒரு சந்தேகம், அக்கா: தூளாக்கி வைப்பதா, இலையாகவே வைப்பதா? கற்பூரவல்லி எனக்கு எப்போதும் கறுத்துத்தான் போகிறது. என்ன தப்பு?

*

ஆதம்பாக்கத்திலிருந்து பதில்: தூளாக்கி வைக்காதீர்கள் தம்பி. சூரணத்துக்கு ஆயுள் மூன்று மாதம் என்பது சித்த மருத்துவத்தில் பழைய கணக்கு. என் மூக்கும் அதைத்தான் சொல்கிறது. இலையாகவே வைத்துக்கொண்டு, வேண்டியபோது ஒரு கை எடுத்துக் கசக்கிக்கொள்ளுங்கள். கற்பூரவல்லியில் தப்பு உங்களுடையது இல்லை. அந்தத் தடித்த இலை முழுக்கத் தண்ணீர், காய்வதற்குள் கறுத்துவிடும். நானும் நாலு தடவை முயன்று விட்டுவிட்டேன். அதைப் பச்சையாகவே சாறெடுங்கள், பஜ்ஜி போடுங்கள். மழையில் செடி அழுகாமல் இருக்க இரண்டு கிளையை ஒடித்து பால்கனித் தொட்டியில் நட்டு வையுங்கள், வேர் விட்டுவிடும்.

ராயபுரத்துப் பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கப்போகிறேன். புரட்டாசி பிறப்பதற்குள் இன்னும் ஒரு வெட்டு இருக்கிறது. அப்பாவின் பாட்டில் பாதிதான் நிறைந்திருக்கிறது.