மூன்றாம் மாடிக் குழு, நைரோபி: மாராவுக்குப் போன கையேடு

வியாழன்

ராகவன் · மாலை 6:42
அனைவருக்கும் வணக்கம். நாளை விடியற்காலை மசாய் மாரா விலங்குக் காப்பகத்துக்குக் கிளம்புகிறோம். தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் எங்களுடன் வருகிறார்கள். நம் மாடியின் விலங்குக் கையேடு இப்போது யார் வீட்டில் இருக்கிறது?

ஜோசப் · மாலை 6:50
எங்கள் வீட்டில்தான் இருக்கிறது ராகவன். வடக்கே சம்புரு காப்பகத்துக்கு எடுத்துப் போயிருந்தோம். உங்கள் பையன் முகிலனை அனுப்புங்கள், கொடுத்துவிடுகிறேன். புத்தகத்தின் முதுகு பிரிந்திருந்தது, துணி ஒட்டிச் சரிசெய்து வைத்திருக்கிறேன்.

சுதா · மாலை 6:58
மீனாட்சி அக்கா, முகிலன் ஒரு கேள்வி கேட்கிறான். கைப்பேசியில் எல்லாமே இருக்கிறதே, ஓட்டுநரும் பெயர் சொல்வாரே, புத்தகம் எதற்கு என்கிறான்.

மீனாட்சி · இரவு 7:15
நல்ல கேள்வி. கைப்பேசியில் தேட வேண்டுமானால் விலங்கின் பெயர் முதலில் தெரிய வேண்டும். பெயர்தானே நமக்குத் தெரியாது! கையேட்டில் ஒன்றுபோல் இருக்கும் மான்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஓட்டுநர் சொல்லும் பெயரை அன்று மாலைக்குள் மறந்துவிடுவோம். நாமே கண்டுபிடித்த பெயர் மறக்காது. எனக்கு இந்த ஊரில் பதினாறு ஆண்டுகளாக நடப்பது இதுதான்.

மீனாட்சி · இரவு 7:21
முகிலா, ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள். விலங்கைக் கண்டவுடன் புத்தகத்தைத் திறக்காதே. பக்கம் புரட்டி நிமிர்வதற்குள் அது புல்லுக்குள் போய்விடும். புத்தகம் எங்கும் போகாது. முதலில் விலங்கைப் பார். கொம்பு, பின்புறம், வால், கால், கண் என்று வரிசையாகப் பார்த்து வாய்விட்டுச் சொல், அப்பா குறித்துக்கொள்ளட்டும். அது போன பிறகு புத்தகத்தைத் திற.

எதைப் பார்ப்பது என்று தெரிய வேண்டுமே? அதற்குத்தான் இன்றிரவு மான் பக்கங்களைப் படித்துவிட்டுத் தூங்கச் சொல்கிறேன். சிங்கத்துக்கும் யானைக்கும் புத்தகம் தேவையில்லை. மான்களுக்குத் தேவை.

முகிலன் (சுதாவின் கைப்பேசியிலிருந்து) · இரவு 7:40
அத்தை, புத்தகம் கைக்கு வந்துவிட்டது. தாம்சன் மானுக்கும் கிராண்ட் மானுக்கும் படத்தில் வித்தியாசமே தெரியவில்லை.

மீனாட்சி · இரவு 7:48
எல்லோரும் தடுமாறும் இடம் அது. தாம்சன் மானின் விலாவில் அழுத்தமான கறுப்புப் பட்டை உண்டு. ஆனால் பட்டையை மட்டும் நம்பாதே, கிராண்ட் மானிலும் சிலவற்றுக்குப் பட்டை இருக்கும். பின்புறத்தைப் பார். வெள்ளை நிறம் வாலுக்கு மேலேயும் ஏறி முதுகைத் தொட்டால் கிராண்ட். வாலோடு நின்றுவிட்டால் தாம்சன். தாம்சனின் கறுப்பு வால் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். உருவத்திலும் கிராண்ட்தான் பெரியது.

ஓட்டுநர் ஸ்வாஹிலியில் ‘ஸ்வாலா டோமி’, ‘ஸ்வாலா கிராண்டி’ என்பார். அவர் சொல்வதற்கு முன்பு நீ சொல்ல வேண்டும், சரியா?

ஜோசப் · இரவு 8:05
நான் ஒன்று சேர்க்கிறேன். ஒவ்வொரு விலங்கின் பக்கத்திலும் இருக்கும் சின்ன வரைபடத்தை யாரும் பார்ப்பதில்லை. எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது. சம்புருவில் ஒரு வரிக்குதிரையைப் பார்த்தோம். கோடுகள் மெல்லியவை, நெருக்கமானவை. வயிறு வெள்ளை. காதுகள் வட்டமாக, பெரிதாக இருந்தன. என் மகள் ‘இது குட்டி’ என்றாள். வரைபடத்தைப் பார்த்தால் வடகென்யாவில் மட்டும் நிறம் தீட்டியிருந்தது. கிரேவி வரிக்குதிரை! உலகத்தில் எஞ்சியிருப்பவை சுமார் 3,000 தான், அவற்றில் பெரும்பகுதி கென்யாவில். தெரிந்ததும் வண்டியில் எல்லோரும் மௌனமாகிவிட்டோம்.

ஒட்டகச்சிவிங்கியும் அப்படித்தான். சம்புருவில் உள்ளதற்கு ஓடு பதித்த தரைபோல நேர்க்கோட்டு விளிம்புள்ள திட்டுகள், நடுவே வெள்ளைக் கோடு. மாராவில் நீங்கள் பார்க்கப்போவது மசாய் ஒட்டகச்சிவிங்கி. அதன் திட்டுகள் கிழிந்த திராட்சை இலைபோல இருக்கும்.

மீனாட்சி · இரவு 8:12
ஜோசப் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. ஒட்டகச்சிவிங்கியின் அறிவியல் பெயரில் ‘காமெலோபார்டாலிஸ்’ என்ற சொல் உண்டு. ஒட்டகமும் சிறுத்தையும் சேர்ந்தது என்று பொருள். நம் தமிழ்ப் பெயரும் ஒட்டகத்தோடு சிவிங்கியை, அதாவது சீட்டாவை, சேர்த்ததுதானே! ஸ்வாஹிலியில் வரிக்குதிரைக்குப் ‘புண்டா மிலியா’, அதாவது கோடு போட்ட கழுதை. நாம் குதிரை என்றோம், அவர்கள் கழுதை என்றார்கள். இதையெல்லாம் நான் புத்தக ஓரத்தில் எழுதியிருக்கிறேன், படியுங்கள். நீங்களும் எழுதுங்கள். பென்சிலால் மட்டும், தேதியோடும் இடத்தோடும்.

வெள்ளி

ராகவன் · இரவு 8:30
வந்து சேர்ந்தோம். வழியில் நரோக் நகரம் தாண்டியதும் கொஞ்ச தூரத்திலேயே முகிலன் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டான். வேலிக்கு அப்பால் தாம்சன் மான்கள், ஆடுகளோடு கலந்து மேய்ந்தன. வாலை வைத்தே சொன்னான். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து அவன் கையைக் குலுக்கினார்.

சுதா · இரவு 8:41
மாலையில் கரையான் புற்றின் மேல் ஒரு பெரிய மான் அசையாமல் நின்றது. முகிலன் ‘கொங்கோனி’ என்றான், நான் ‘டோப்பி’ என்றேன். இருவரும் அது போகும்வரை பார்த்துவிட்டுப் பிறகு புத்தகத்தைத் திறந்தோம். தொடையில் கருநீலத் திட்டு, கீழ்க்கால் மஞ்சள் காலுறை போட்டதுபோல. டோப்பிதான்.

ஜோசப் · இரவு 8:50
அருமை! நீர்மான் பார்த்தால் பின்புறத்தைக் கவனியுங்கள். மாராவில் வெள்ளைத் திட்டாக இருக்கும். நாங்கள் சம்புருவில் பார்த்ததற்கு வெள்ளை வளையம். இரண்டும் ஒரே இனத்தின் இரண்டு வகைகள்.

சனி

சுதா · பகல் 1:10
காலையில் மனம் வருந்தும்படி ஒன்று நடந்தது. தூரத்தில் புள்ளி போட்ட ஒரு மிருகம். ராகவன் சிறுத்தை என்றார். முகிலன் பைனாகுலரில் பார்த்து, ‘கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இருக்கிறது, புள்ளிகள் நிரம்பிய வட்டங்கள், சிவிங்கிப்புலி’ என்றான். சிறுத்தையின் புள்ளிகள் நடுவில் வெறுமையாகப் பூப்போல இருக்கும் என்று முந்தாநாள் படித்திருந்தான்.

அது மான்களை நோக்கிப் பதுங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் பதினொரு வண்டிகள் வந்து சூழ்ந்துகொண்டன. சிவிங்கிப்புலி எழுந்து, வேட்டையை விட்டுவிட்டுப் போய்விட்டது.

மீனாட்சி · பகல் 1:24
எனக்கும் இதைப் படிக்கக் கோபம் வருகிறது. சிங்கம் பெரும்பாலும் இருட்டில் வேட்டையாடும், வண்டிகள் வந்து போனாலும் பிழைத்துக்கொள்ளும். சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுகிறது. அந்த ஒரு வாய்ப்பை நாம் கெடுத்தால் அது பசியோடு கிடக்கும், குட்டிகள் இருந்தால் அவையும்தான். அடுத்த முறை உங்கள் ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நாங்கள் தூரத்திலேயே நிற்கிறோம், பைனாகுலர் போதும்.

சுதா · பகல் 1:30
மாலையில் அப்படியே சொல்லிவிடுகிறோம் அக்கா.

ராகவன் · மாலை 7:05
இன்றைய நாள் அம்மாவுடையது. ஒரு முள்மரத்தில் நீலமும் ஊதாவுமாகப் பறவை ஒன்று. அம்மா பார்த்தவுடன் ‘பனங்காடை’ என்றார்கள். புத்தகத்தைத் திறந்தால் அதே குடும்பம்! இதற்கு மார்பு இளஊதா நிறம், வாலின் இரு ஓரங்களிலும் நீண்ட இறகுகள். ஊரில் மின்கம்பியில் உட்காருவதற்கு இந்த நீண்ட இறகு கிடையாது என்று அம்மாவே வித்தியாசம் சொன்னார்கள். ஓரத்தில் ‘தஞ்சாவூர்ப் பனங்காடையின் அக்காள்’ என்று எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

மீனாட்சி · மாலை 7:11
அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் ராகவன். நாற்பது பக்கம் படித்தவர்களுக்குக் கூட அந்தக் கண் வாய்க்காது. விடுதியில் பளபளவென்று மைனா போன்ற பறவைகள் வருமே, அம்மாவிடம் காட்டுங்கள். அவையும் மைனாவின் உறவினர்கள்தான். வெளிர்க்கண், மார்பில் வெள்ளைப் பட்டை என்றால் சூப்பர்ப் ஸ்டார்லிங். செங்கண், வெள்ளைப் பட்டை இல்லை என்றால் ஹில்டெபிராண்ட் ஸ்டார்லிங்.

ஞாயிறு

முகிலன் · காலை 9:20
அத்தை, இரண்டையும் பார்த்துவிட்டோம்! காலை உணவு மேசைக்கு அருகில் வந்தது வெளிர்க்கண். வாசல் மரத்தில் இருந்தது செங்கண். பாட்டி முதலில் கண்ணைத்தான் பார்த்தார்கள்.

ஆனால் ஒரு சின்னப் பழுப்புக் குருவியை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. பாட்டி, வயலில் திரியும் கதிர்க்குருவிபோல இருக்கிறது என்கிறார்கள். புத்தகத்தில் அந்தக் குடும்பத்தில் இரண்டு படங்கள்தான் இருக்கின்றன. முதல் படம் ஏறக்குறையப் பொருந்துகிறது. அந்தப் பெயரையே எழுதிவிடட்டுமா?

மீனாட்சி · காலை 9:33
எழுதாதே கண்ணே. கென்யாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவையினங்கள் இருக்கின்றன. சட்டைப்பையில் அடங்கும் புத்தகத்தில் அவற்றில் ஒரு பகுதிதான் இடம்பெறும். பாட்டி சொன்ன குடும்பம் சரியாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஆப்பிரிக்காவில் பல இனங்கள் உண்டு, பல ஆண்டு பழகியவர்களே குரலைக் கேட்டுத்தான் பிரிப்பார்கள். ‘ஏறக்குறைய’ என்று தோன்றினால் நீ பார்த்த பறவை அந்தப் பக்கத்தில் இல்லாமலும் இருக்கலாம். படத்துக்குள் பறவையைத் திணிக்கக் கூடாது. கேள்விக்குறி போட்டு வை.

ஃபாத்திமா · இரவு 7:50
வந்துவிட்டீர்களா சுதா? வெள்ளிக்கிழமை நாங்கள் அம்போசெலிக்குப் போகிறோம். அடுத்து புத்தகம் எங்களுக்குத்தானே?

சுதா · இரவு 8:02
இப்போதுதான் வந்தோம். முகிலன் உங்கள் வீட்டுக்கு வருகிறான், கையில் புத்தகம் இருக்கிறது. நிறைய தூசி, தட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபாத்திமா · இரவு 8:20
கிடைத்தது. பின்னட்டையில் ஒரு கேள்விக்குறி பார்த்தேன். முகிலா, அந்தக் குருவி எங்கே உட்கார்ந்திருந்தது, எப்படிக் கத்தியது என்று எழுதவில்லையே?

முகிலன் · இரவு 8:26
எழுதியிருக்கிறேன் அத்தை, அட்டையின் உள்பக்கம் பாருங்கள். இடுப்பளவு காய்ந்த புல்லின் நுனி, ஆற்றிலிருந்து கொஞ்ச தூரம். இரண்டு முறை ‘ட்ரீ’ என்றது, பிறகு ஒரு நீளமான ‘ட்ரீ’. அங்கே கேட்டால் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.