ஊராட்சித் தேர்தல் வாக்குச் சீட்டை ஸ்கேன் மெஷின் எண்ணலாமா?

சாக்பீஸ்:
நான் ஆசிரியர், ஊரகத் தேர்தலில் வாக்கு எண்ணப் போயிருக்கிறேன். தமிழ்நாட்டில் 2022-இல் நகராட்சி, மாநகராட்சிகளுக்கு மின்னணு இயந்திரத்தில் வாக்குப்பதிவு நடந்தது. கிராமத்தில் இன்னும் சீட்டுதான், அதுவும் ஆளுக்கு நான்கு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நிறம் பிரிக்கவே நேரம் போய்விடும். 2020 ஜனவரி 2 காலையில் தொடங்கிய எண்ணிக்கை மறுநாளும் நடந்தது. நள்ளிரவில் கண் எரிய எண்ணுகிறவருக்குப் பிழை வராதா? சீட்டு இருக்கட்டும், எண்ண மட்டும் மெஷின் வரட்டும்.

வரப்பு:
சார், தலைவர் பதவியில் நாலைந்து ஓட்டில் ஜெயிப்பதும் உண்டு. சண்டையே சந்தேகச் சீட்டில்தான். முத்திரை இரண்டு சின்னத்துக்கும் நடுவே விழுந்திருக்கும், மடித்ததில் மை எதிர்ப்பக்கம் ஒட்டியிருக்கும். இப்போது அதிகாரி சீட்டைத் தூக்கிக் காட்டுகிறார், ஏஜென்டுகள் பார்க்கிறார்கள். தோற்றவர் அதே ஊரில் ஐந்து வருஷம் இருக்கப்போகிறவர், கண்ணால் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வார். ஸ்காட்லாந்தில் 2007-இல் மெஷின் வைத்து எண்ணியபோது 1,40,000-க்கும் மேல் செல்லாத ஓட்டு!

சாக்பீஸ்:
அதற்குப் பெரிய காரணம் சீட்டின் அமைப்பு. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் ஒருவர் போடும் இரண்டு ஓட்டையும் (தொகுதிக்கு ஒன்று, கட்சிப் பட்டியலுக்கு ஒன்று) ஒரே தாளில் அச்சடித்துக் குழப்பிவிட்டார்கள். அங்கே உள்ளாட்சித் தேர்தலுக்கு 2012, 2017, 2022-லும் மெஷின்தான். சந்தேகச் சீட்டைத் திரையில் காட்டும், முடிவெடுப்பது அதிகாரி.

வரப்பு:
அங்கே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார்கள், கையால் எண்ணினால் தாவு தீர்ந்துவிடும். லண்டன் மேயர் தேர்தலில் இரண்டாம் விருப்பம் இருந்தவரை மெஷின். அதை எடுத்தபின் 2024-இல் கையால்தான் எண்ணினார்கள். நமக்கு ஒரே முத்திரை, எதற்கு மெஷின்?

ஸ்கார்பரோவாசி:
டொராண்டோ மாநகராட்சித் தேர்தலில் சீட்டை ஸ்கேன் மெஷினில்தான் விடுகிறோம். முடிவு சீக்கிரம் வரும், தாளும் பத்திரமாக இருக்கும். ஆனால் எங்கள் ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி மறு எண்ணிக்கையும் முதலில் எண்ணிய முறையில்தான், நீதிபதி மாற்றிச் சொன்னால் ஒழிய. மெஷின் மேல் சந்தேகம் வந்தால் மறுபடி மெஷினிடமே போவதா? இந்த விதி தமிழ்நாட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

சாக்பீஸ்:
சரி, வித்தியாசம் குறைவாக இருந்தால் கட்டாயம் கையால் மறு எண்ணிக்கை என்று விதி போடலாம். நிறம் பிரிப்பதையாவது மெஷின் செய்யட்டுமே.

வரப்பு:
பிரிக்கட்டும், ஆட்சேபணை இல்லை. தலைவர் ஓட்டை மட்டும் ஏஜென்ட் முன்னால் கையால்தான் எண்ண வேண்டும். அப்புறம், விடிய விடிய ஒரே ஆளை உட்கார வைக்காமல் ஷிஃப்ட் போடச் சொல்லுங்கள். அதற்கு மெஷின் தேவையில்லை.