பார்ட்னர்ஷிப் டீடு: நாமே எழுதிவிட்டு வக்கீலிடம் போகலாமா?

பவர்டேபிள்_திருப்பூர்:
இரண்டு பேர் சேர்ந்து பவர் டேபிள் யூனிட் (மோட்டார் தையல் மெஷின்கள் வைத்த தையல் கூடம்) போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 12 லட்சம் முதல் போடுகிறார். மற்றவரிடம் காசு இல்லை, முழு நேரமும் தையல் லைனைப் பார்க்கிறார். டீடை, அதாவது கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தை, முதலில் இவர்களேதான் எழுத வேண்டும். மாதம் யார் எவ்வளவு எடுப்பது, செக்கில் யார் கையெழுத்து என்பதெல்லாம் வக்கீலுக்கு எப்படித் தெரியும்? சட்ட வார்த்தை எதுவும் வேண்டாம், பேசுகிற தமிழில் இரண்டு பக்கம் போதும்.

கொங்கு_வக்கீல்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். நெட்டில் ஒரு மாதிரியை இறக்கிப் பெயரை மாற்றிக்கொண்டுதான் வருகிறார்கள். 3வது பத்தியில் "5 ஆண்டு நடத்துவது" என்றிருக்கும். 11வது பத்தியில் "யார் வேண்டுமானாலும் நோட்டீஸ் கொடுத்துக் கலைக்கலாம்". எது செல்லும் என்பதே ஒரு வழக்காகிவிடும். "ஒருவர் இறந்தாலும் கூட்டு தொடரும்" என்பது அதைவிட மோசம். மூன்று பேர் இருந்தால் சரி. இருவரில் ஒருவர் போய்விட்டால் மிச்சம் ஒற்றை ஆள், கூட்டு அங்கேயே முடிந்தது. உச்ச நீதிமன்றம் 1965லேயே சேட் கோவிந்தராம் சுகர் மில்ஸ் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது.

பவர்டேபிள்_திருப்பூர்:
மாதிரியை இறக்குவதை நானும் ஆதரிக்கவில்லை சார். ஆனால் நாம் எழுதாமல் விட்ட இடத்தை 1932 கூட்டாண்மைச் சட்டம் நிரப்பிவிடும். 13வது பிரிவைப் பாருங்கள்: லாபமும் நஷ்டமும் சமபங்கு, முதலுக்கு வட்டி இல்லை, லைனைப் பார்ப்பவருக்குச் சம்பளமும் இல்லை. முதலுக்கு மேல் கொடுத்த கடனுக்கு மட்டும் 6% வட்டி. இவர்கள் யோசிக்காமல் போய் "வழக்கம்போல எழுதுங்க சார்" என்றால் இருவருக்குமே நஷ்டம்.

ஈரோடு_ஆடிட்டர்:
சம்பளத்தைப் பற்றி ஒன்று. "அவ்வப்போது பேசி முடிவு செய்வது" என்று எழுதினால் வருமான வரியில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. தொகையோ கணக்கிடும் முறையோ டீடிலேயே இருக்க வேண்டும். முதலுக்கான வட்டியும் டீடில் இருந்தால்தான் கழிவு, அதுவும் 12% வரைக்கும்தான். டீடு தேதிக்கு முந்தைய மாதங்களுக்கு இரண்டுமே கிடையாது.

கொங்கு_வக்கீல்:
அப்படியானால் டீடாக எழுத வேண்டாம், கேள்வியும் அதற்கான பதிலுமாக எழுதி வாருங்கள். முக்கியமாகப் பிரிவதைப் பற்றி. "பிரிந்தால் சொத்தில் பாதி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்தத் தேதிக் கணக்கு? மெஷினுக்கு வாங்கின விலையா, தேய்மானம் போக மிஞ்சியதா, இன்றைக்கு விற்றால் வருவதா? பில் போட்டும் வராத ஜாப் ஒர்க் கூலி (பிற கம்பெனிக்குத் தைத்துக் கொடுத்ததற்கான கூலி) யாருக்கு? பணம் ஒரே தடவையிலா, தவணையிலா? "விலகினவர் இனி எங்கும் தையல் தொழில் செய்யக் கூடாது" என்பதும் நிற்காது. கூட்டாண்மைச் சட்டத்தின் 36வது பிரிவுப்படி இத்தனை காலம் அல்லது இந்த எல்லைக்குள் என்று நியாயமாக வரையறுக்க வேண்டும்.

பவர்டேபிள்_திருப்பூர்:
இந்தக் கேள்விகளுக்கு இருவரும் தனித்தனியாக எழுதிப் பிறகு ஒப்பிடட்டும். பதில் எங்கே மாறுகிறதோ அங்கேதான் வக்கீலின் நேரம் தேவை.

கொங்கு_வக்கீல்:
அது சரி. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். வெள்ளைத்தாள்தானே என்று இருவரும் போட்டால், நாளைக்கு அதையே ஒப்பந்தம் என்று காட்டலாம். மேலே "வரைவு" என்று எழுதுங்கள். டீடு முடிந்ததும் நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். கட்டாயமில்லைதான், ஆனால் பதிவு இல்லாவிட்டால் 69வது பிரிவுப்படி, கூலி தராத பார்ட்டி மேல் வழக்குப் போட முடியாது.