ஆயாவின் வீட்டுப் பத்திரம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கும் எங்கள் ஆயாவுக்கு 81 வயது. இருந்த ஒரே வீட்டைப் பெரிய மாமாவுக்குத் தான செட்டில்மெண்டாக, அதாவது பணம் வாங்காமல், எழுதிக் கொடுத்துவிட்டார். கடைசிவரை பார்த்துக்கொள்வேன் என்று மாமா வாயால் சொன்னதோடு சரி. பத்திரத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. இப்போது ஆயாவின் கட்டில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. மாத்திரை டப்பாவைத் தலையணைக்குக் கீழே பத்திரப்படுத்திக்கொண்டு படுத்திருக்கிறார். அம்மாவும் சித்தியும் பங்கு கேட்டுச் சண்டை போடுகிறார்கள். எனக்குப் பங்கு வேண்டாம், ஆயா தன் அறைக்குத் திரும்ப வேண்டும்.

2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆவது பிரிவின்படி, பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்கிறார்கள். நிபந்தனை எழுதாத பத்திரத்துக்கும் அது பொருந்துமா? இப்படி மனு கொடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஆயா நேரில் வர வேண்டுமா? அவரால் நான்கு படி ஏற முடியாது.