வெயில் படாத ரெண்டடி மீன் தொட்டிக்குக் கால்வாய்ச் செடியா, கடைச் செடியா?

பாளை ரெண்டடி:
பாளையங்கோட்டையில வீடு. ஹால்ல 2×1×1 அடி தொட்டி, தண்ணி 50 லிட்டர் பக்கம் பிடிக்கும். ஜன்னல் வெளிச்சம் கிடையாது, 10 வாட் எல்.இ.டி. ஒண்ணுதான். போர் தண்ணி. கப்பி மீன் மட்டும் கெடக்கு. செடி வளரக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்லாம் வைக்கப் போறதில்ல. என்ன செடி வைக்கலாம்?

வாய்க்காக்கரை:
கடைக்குப் போய் துட்டைக் கொட்டாதீங்க அண்ணாச்சி. கால்வாயிலயும் குளத்துலயும் ஹைட்ரில்லாங்குத நீர்ச்செடி மண்டிக் கெடக்கு. மங்கின வெளிச்சத்துல அது மாதிரி தாக்குப் பிடிக்கிற செடி கம்மி. போர் தண்ணியில கரைஞ்சு இருக்குத பைகார்பனேட் உப்புல இருந்தே கார்பனை எடுத்துக்கிடும். கடையில விக்கித ஜாவா மாஸ் செடிக்கு அந்த வேலை தெரியாது. ஒரு சாண் நீளத்துல ஏழெட்டு தண்டை வெட்டி, அடி இலையைக் கிள்ளிட்டு, மணல்ல ரெண்டு அங்குலம் சொருகுங்க. முடிஞ்சுது.

பேட்டை அனுபியாஸ்:
எங்க முடிஞ்சுது வே? வெளிச்சம் கம்மின்னா ஹைட்ரில்லா கணுவுக்குக் கணு நீண்டு, நேரா நீர்மட்டத்துக்குப் போயிப் பாய் விரிச்சுக்கிடும். அடியில வெறும் தண்டு. வாராவாரம் கத்தரி எடுக்கணும். செடியோட கூட வாரதை நீரு சொல்லவே இல்லியே? அட்டை, நத்தை, தட்டானோட இளம்புழு. அந்தப் புழு ஒண்ணு உள்ள வந்தா கப்பிக் குஞ்சு மிஞ்சாது.

அண்ணாச்சி, கடையில அனுபியாஸ் நானா செடி ரெண்டு, கிரிப்டோகரைன் வெண்ட்டி செடி நாலு வாங்குங்க. அனுபியாஸோட கிழங்குத்தண்டை (இலையும் வேரும் கிளம்புத தடிச்ச தண்டு) மணல்ல புதைச்சா அழுகிரும், வேரு மட்டும் கீழ போகலாம். கல்லுலயோ கட்டையிலயோ நூலால கட்டுங்க, இல்ல சூப்பர் க்ளூ ஜெல் ரெண்டு சொட்டு வச்சு ஒட்டுங்க. வாங்கும்போதே தண்டை விரலால அமுக்கிப் பாருங்க. கொழகொழன்னு நாத்தம் அடிச்சா, கெட்டியான பச்சைப் பகுதி வார வரைக்கும் வெட்டித் தள்ளணும்.

வெண்ட்டிக்கு வேர்தான் சோறு. ரெண்டு அங்குலமாவது மணல் வேணும். நட்ட ஒரு வாரத்துல இலை பூரா கரைஞ்சு போகும். செத்துட்டுன்னு பிடுங்கிராதீங்க. தண்ணி மாறினா அது அப்படித்தான் பண்ணும். கரைஞ்ச இலையை மட்டும் எடுத்துட்டு விட்டுட்டா, மூணு நாலு வாரத்துல புது இலை வரும்.

வாய்க்காக்கரை:
பூச்சிக்குப் படிகாரம் இருக்கு வே. 4 லிட்டர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி, ரெண்டு மூணு மணி நேரம் ஊறப்போட்டு அலசினா நத்தை காலி. உம்ம அனுபியாஸ் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு இலைதான் விடும். மீன் போடுத கழிவை யாரு இழுக்கது? பாசிதான் இழுக்கும். ஆறே மாசத்துல இலை மேல பச்சைப் புள்ளி ஏறி, நகத்தால சுரண்டினாலும் போகாது.

பேட்டை அனுபியாஸ்:
படிகாரத்துல நத்தை சாகும், முட்டை பசைக்குள்ள தப்பிச்சுக்கிடும். அதனால மூணு வாரம் தனி வாளியில வச்சுப் பாக்கணும். அதையும் சேத்துச் சொல்லும். ப்ளீச்சிங்ல முக்கினா ஹைட்ரில்லாவே கருகிரும்.

பச்சைப் புள்ளி வாரது வெளிச்சம் மிஞ்சினா. 10 வாட் எல்.இ.டி. 900 லூமன் பக்கம் வெளிச்சம் தரும், 50 லிட்டருக்கு அதுவே தாராளம். டைமர் போட்டு ஆறு மணி நேரத்தோட அணைங்க. அனுபியாஸை விளக்குக்கு நேர் கீழ வைக்காதீங்க. பழைய இலையில ஊசி குத்தின மாதிரி ஓட்டை வந்தா பெரும்பாலும் பொட்டாசியம் பத்தலைன்னு அர்த்தம். உரக்கடையில தண்ணியில கரையுத பொட்டாசியம் சல்பேட் (பையில 0-0-50-ன்னு போட்டிருக்கும்) கிடைக்கும். அரை கிராம் போட்டா 50 லிட்டருக்கு பொட்டாசியம் 4 பி.பி.எம். (லிட்டருக்கு 4 மில்லிகிராம்) பக்கம் ஏறும். வாரம் ஒரு தடவ, தண்ணி மாத்தின பொறவு போட்டா போதும். டி.ஏ.பி. உரக் குருணையை மணல்ல புதைக்கச் சொல்லுவாங்க, கேக்காதீங்க. அது அமோனியாவை விடும், போர் தண்ணி பி.எச். 8-ஐ ஒட்டி இருந்தா அது மீனுக்கு விஷம்.

காவல்கிணறு காத்து:
ரெண்டு பேரும் வெளிச்சத்தைப் பிடிச்சே தொங்குதீங்க. நம்ம பக்கம் செடியைக் கொல்லுதது சூடு. சித்திரை, வைகாசியில தொட்டித் தண்ணி 32 டிகிரிக்குப் போகும். கடையில விக்கித ஜாவா ஃபெர்ன் செடி 28-க்கு மேல நீடிச்சா கருத்து உருகலாம், அதை வாங்கவே வேண்டாம். வெண்ட்டியும் அனுபியாஸும் 30 வரை தாங்கும்.

மூடியை எடுத்துட்டு 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனைத் தண்ணி மேல சாச்சு வையுங்க, ரெண்டு மூணு டிகிரி இறங்கும். வறண்ட காத்துல நல்லா வேலை செய்யும், திருச்செந்தூர் பக்கம் ஈரக்காத்துல அவ்வளவு இறங்காது. ஆவியாப் போறது வெறும் தண்ணி, உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலயே தங்கிரும். குறைஞ்சதுக்குப் போர் தண்ணியையே ஊத்தினா உப்பு ஏறிக்கிட்டே போகும். அந்த ஈடுகட்டுத தண்ணி மட்டும் ஆர்.ஓ.வா இருக்கட்டும்.

ஹைட்ரில்லாக்காரருக்கு ஒண்ணு: 25 டிகிரி தண்ணியில ஆக்சிஜன் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரை நிக்கும், 32-ல 7.3 தான். ராத்திரி செடியும் மூச்சு விடும். தொட்டி நிறைய ஹைட்ரில்லா இருந்தா விடியக்காலம் கப்பி மேல வந்து வாயைப் பிளக்கும். ஏர் பம்ப் ராத்திரி ஓடணும்.

பாளை ரெண்டடி:
தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்குத டி.டி.எஸ். பேனா போர் தண்ணியில 900 காட்டுது. வெண்ட்டி தாங்குமா?

காவல்கிணறு காத்து:
பேனா எல்லா உப்பையும் கூட்டிச் சொல்லும், சுண்ணாம்பு எவ்வளவுன்னு சொல்லாது. சோப்பு நுரைக்கலை, குழாய் வாயில வெள்ளையாப் படியுதுன்னா சுண்ணாம்பு, வெண்ட்டிக்குப் பயமில்ல. வாயில வச்சா கரிக்குதுன்னா சோடியம் உப்பு, பாதிக்குப் பாதி ஆர்.ஓ. கலந்துக்கிடுங்க. ஆர்.ஓ. 50-ன்னா கலவை 475 வரும்.

வாய்க்காக்கரை:
சரி வே, வெண்ட்டி புது இலை விடுத வரைக்காவது நாலு தண்டு ஹைட்ரில்லா கெடக்கட்டும். அதுவரைக்கும் மீன் கழிவுல வார அமோனியாவை வேகமா இழுக்க வேற செடி இல்ல.

பேட்டை அனுபியாஸ்:
நாலு தண்டுன்னா நடாம மெதக்க விடுங்க அண்ணாச்சி, எடுத்து வீச லேசு. மூணு வாரம் வாளியில இருந்த பொறவுதான். எடுத்ததைக் கால்வாய்ல போடாதீங்க, காயவச்சு உரக்குழியில போடுங்க.