புதுப்பிப்பு: லிஸ்பனில் ஐந்து நாள், போய்த் திரும்பிவிட்டேன்

லிஸ்பனை ஊர்க்காரர்களைப் போலச் சுற்றிப் பார்க்க வழி கேட்டுப் போன மாதம் எழுதியிருந்தேன். 28ஆம் எண் டிராமில் ஏறச் சொன்னவர்களே அதிகம்.

டிராம் அருமைதான். ஆனால் மார்ட்டிம் மோனிஸில் ஏற நினைக்காதீர்கள். வரிசை வளைந்து வளைந்து நிற்கிறது. மறுமுனையான காம்போ தெ ஓரிக்கில் காலை எட்டு மணிக்கு முன்பே ஏறினேன். சன்னலோர இருக்கை கிடைத்தது. மார்க்கெட்டுக்குப் போகும் பாட்டிமார்கள்தான் உடன் வந்தார்கள்.

என் மனத்தில் தங்கிவிட்டது டிராம் அல்ல, படகு. காய்ஸ் தொ சொத்ரேயிலிருந்து தேஜோ ஆற்றைக் கடந்து காசில்யாஸ் போகப் பத்து நிமிடம்தான். மெட்ரோ அட்டையில் பணம் ஏற்றி வைத்திருந்தால் அதுவே போதும். மாலையில் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களோடு நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தேன்: மேடும் பள்ளமுமாக நகரம் முழுவதும் மஞ்சள் வெயிலில்! வலப்பக்கம் அல்ல, இடப்பக்கம் அல்ல, பின்பக்கம் நில்லுங்கள். 1966இல் திறந்த சிவப்புத் தொங்குபாலமும் தெரியும். 1974 ஏப்ரல் 25இல் போர்ச்சுகலில் நடந்த புரட்சிக்குப் பிறகு அதன் பெயரே 'ஏப்ரல் 25 பாலம்'.

பழம்பொருள் சந்தை பற்றிக் கேட்டவருக்கு: ஃபெய்ரா தா லாத்ரா செவ்வாய், சனி மட்டுமே.

காபிக்கு 'பிக்கா' என்று கேளுங்கள். அங்கே எஸ்பிரெஸோவுக்கு அதுதான் பெயர். மழை பெய்தால் நடைபாதைக் கற்கள் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள காலணி கட்டாயம்.