ஆமணக்கு எண்ணெய் முடியை வளர்க்கிறதா, பூச்சாக மட்டும் நிற்கிறதா?

சுருள்முடி கேட்டது:
என் முடி சுருண்டது, வறண்டது, தோலும் அப்படியே. இரண்டு மாதங்களாக வாரம் இருமுறை இரவில் விளக்கெண்ணெய் தேய்த்துக் காலையில் அலசி வருகிறேன். பளபளப்புக் கூடியிருப்பது கண்ணாடியிலேயே தெரிகிறது. ஆனால் முடி கொட்டுவது குறைந்ததா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல மனம் வரவில்லை. அலசுவதோ பெரும்பாடு: மூன்று முறை ஷாம்பு போட்டும் பிடரியில் பிசுபிசுப்பு நிற்கிறது. இந்த எண்ணெய் உண்மையில் முடியை வளர்க்கிறதா? முகத்திலும் குதிகாலிலும் பூசலாமா? ஆமணக்கு விதையில் கொடிய நஞ்சு உண்டு என்று படித்ததிலிருந்து சிறிது அச்சமாகவும் இருக்கிறது.

கரைசல் எழுதியது:
அச்சத்தை முதலில் நீக்கிவிடலாம். விதையிலுள்ள ரிசின் என்னும் நஞ்சு ஒரு புரதம். அது எண்ணெயில் கரையாது என்பதால் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது, பிழியும்போதும் சுத்திகரிக்கும்போதும் தரப்படும் வெப்பம் எஞ்சியதையும் செயலிழக்கச் செய்கிறது. ஆகவே முறைப்படி தயாரித்த எண்ணெயைப் பூசுவதில் அந்த ஆபத்து இல்லை. விதையை வாங்கி வீட்டில் இடித்துப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

பிசுபிசுப்புக்குக் காரணம் அதன் வேதியியல். இந்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 85 முதல் 90 விழுக்காடு வரை ரிசினோலிக் அமிலம் என்னும் ஒன்றே. அதன் நீண்ட கார்பன் சங்கிலியின் நடுவில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்த அணுக்கூட்டம்) இருக்கிறது. அதன் வழியே மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான், கவிழ்த்த புட்டியிலிருந்து சொட்டாக விழாமல் நூலாக இழுத்துக்கொண்டு வருகிறது. அதே தடிப்புதான் முடியின் மேல் படலமாக நின்று நீங்கள் காணும் பளபளப்பையும் தருகிறது.

வேர்க்கால் எழுதியது:
வளர்ச்சியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன்: இந்த எண்ணெய் முடியை வளர்க்கிறது என்று காட்டும் நம்பத்தக்க மருத்துவச் சோதனை எதுவும் கிடையாது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. தான் வளரும். அந்த வளர்ச்சி தோலுக்கடியில் உள்ள மயிர்க்கால்களில் நடக்கிறது. வெளியே தெரியும் முடித்தண்டு உயிரற்றது, அதற்கு ‘ஊட்டம்’ என்ற பேச்சே பொருந்தாது.

ஆனால் ‘கொட்டுதல்’ என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு நிகழ்வுகள் கலந்திருக்கின்றன. சீப்பில் வந்த பத்து முடிகளை ஒரு வெள்ளைத்தாளில் வைத்து நுனிகளைப் பாருங்கள். ஒரு முனையில் வெண்மையான சிறு குமிழ் இருந்தால் அந்த முடி வேரிலிருந்து உதிர்ந்தது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது இயல்பு, எண்ணெயால் அதை நிறுத்த முடியாது. குமிழே இல்லாமல் குட்டையாக இருந்தால் அது நடுவில் முறிந்தது. உராய்வைக் குறைக்கும் எண்ணெய் உதவுவது இந்த இரண்டாம் வகைக்கே. முறிவு குறைந்தால் நீளம் நிலைக்கிறது, அதைத்தான் பலரும் ‘வளர்ந்தது’ என்கிறார்கள். குமிழோடு உதிர்வது வழக்கத்தைவிட மிகுந்தாலோ, வகிடு அகன்றுகொண்டே வந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணெயை நம்பி மாதங்களைக் கடத்த வேண்டாம்.

முடித்தண்டுக்குள் ஊடுருவும் எண்ணெய்தான் வேண்டுமென்றால் தேங்காய் எண்ணெயைப் பாருங்கள். அது முடியின் புரத இழப்பைக் குறைத்ததையும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் குறைக்காததையும் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பின்னல் எழுதியது:
அலசும் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். இடுப்பளவு முடியில் இதை நீர்க்காமல் தாராளமாக ஊற்றி, காலையில் முடி முழுவதையும் உச்சியில் குவித்து வைத்து ஷாம்புவால் கசக்கினேன். சில நிமிடங்களில் அது கம்பளி உருண்டைபோல் இறுகிவிட்டது. சீப்பின் பல் கூட நுழையவில்லை, வெட்டித்தான் எடுத்தோம். நீண்ட முடியில் ஆமணக்கு எண்ணெய்க்குப் பின் இப்படித் திடீர்ச் சடை விழுந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களிலும் பதிவாகியிருப்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது ஒரு பங்கு ஆமணக்கு எண்ணெய்க்கு மூன்று, நான்கு பங்கு இலேசான எண்ணெய் கலந்து, விரல்நுனியில் எடுத்துத் தடவுகிறேன். ஓர் இரவு முழுக்க விடாமல் ஒரு மணி நேரத்தில் அலசிவிடுகிறேன். தண்ணீர் படுவதற்கு முன்பே கண்டிஷனரை எண்ணெய் முடியில் நன்றாகப் பூசி, பால்போல் வெளுத்த பிறகு நீர் விட்டால் பெரும்பகுதி அதோடே போய்விடும். பிறகு மேலிருந்து கீழாக ஒரே திசையில் ஷாம்பு; குவிக்கவும் கசக்கவும் கூடாது.

சுருள்முடி எழுதியது:
தாளில் வைத்துப் பார்த்தேன். பதினொன்றில் எட்டுக்குக் குமிழ் இல்லை! கண்டிஷனர் முறையை இந்த வாரம் செய்து பார்க்கிறேன். தோலுக்கான பதில் மட்டும் மீதியிருக்கிறது.

கரைசல் எழுதியது:
தோலிலும் அதன் வேலை ஈரம் வெளியேறாமல் மூடிவைப்பதே, எனவே உலர்ந்த குதிகாலில் பூசிப் பயனில்லை. பாதத்தைக் கழுவி, ஈரம் முற்றிலும் காயும் முன்பே இரண்டு சொட்டுத் தேய்த்து, பருத்திக் காலுறை அணிந்து உறங்குங்கள். முகத்துக்கு இது கனமானது. கலந்த எண்ணெயில் ஒப்பனையைக் கரைத்துத் துடைத்தெடுக்கலாம், இரவெல்லாம் ஊறவிட வேண்டியதில்லை. முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள்: உதட்டுச்சாயத்தில் உள்ள ஆமணக்கு எண்ணெயால் உதடு வெடித்து அழற்சி கண்டவர்களில் ரிசினோலிக் அமிலமே ஒவ்வாமைக்குக் காரணம் என்று கண்டறியப்பட்டதுண்டு. இமைமுடிக்குப் பூசும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணுக்குள் இறங்கினால் பார்வை மங்கி எரிச்சல்தான் மிஞ்சும்.